டிப்போ மூடிய கோடை

காங்கிரஸ் மந்திரிகள் கோட்டையில் வந்து உட்கார்ந்த மறுவருஷம், சித்திரை பாதியிலேயே சேக்காட்டு ஏரி வற்றிப்போயிற்று. நடுவில் ஒரு குட்டை மட்டும் சேறும் சகதியுமாக மிச்சம் இருந்தது. காலையில் வயலில் நவரை நெல் அறுப்பு. வெயில் தாழ்ந்ததும் மீன் பிடிக்கச் சேரி முழுக்க ஏரிக்குள்தான் கிடந்தது. பூங்காவனம் முழங்கால் சேற்றில் நின்று, அடியில்லாத கூடையைக் கவிழ்த்து அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவாள். கெளுத்தி முள் குத்தினால் விரல் இரண்டு நாளைக்கு விண்விண் என்று தெறிக்கும். குத்தினாலும் விடமாட்டாள். பிடித்த மீனைக் கரைக்கு எறிவாள். அவள் மகள் தாட்சாயிணி அதை ஓடிப்போய்ப் பொறுக்கிச் சட்டியில் போடுவாள்.

அந்தக் கோடையில் பூங்காவனத்துக்குத் தூக்கம் சரியாக இல்லை. மலேயாவில் பால்மரத் தோட்டத்துக்குப் போயிருந்த புருஷன் எத்திராஜ், தை மாதம் திரும்பி வந்திருந்தான். தங்கிவிட வரவில்லை. பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மறுபடி போக வந்திருந்தான். ஆள் சேர்க்கும் கங்காணி மூவர் பெயரையும் பதிந்துவிட்டான். மணியக்காரர் கையெழுத்தும் ஆகிவிட்டது. வைகாசியில் டிப்போவுக்குள் போய்விட வேண்டும், அதன் பிறகு கப்பல். இடையில் இருந்த நாட்கள்தான் நகர மறுத்தன.

டிப்போ என்பது ஆவடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த கூலி டிப்போ. கடலுக்கு அப்பால் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை அங்கேதான் சேர்த்து வைப்பார்கள். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலில் வந்து இறங்குவார்கள். அம்மை குத்தி, டாக்டர் பார்த்து, கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். எத்திராஜ் இல்லாத வருஷங்களில் பூங்காவனம் அந்த டிப்போ சமையல்கட்டுக்கு விறகு சுமந்தாள். அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பதையும், பருப்பில் கருவாட்டு வாசம் கலந்து வருவதையும் விறகை இறக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளை அங்கே கட்டிப்போட்டது சோறு அல்ல. எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயம் அவள் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சேரியில் இருந்த குடிசைகளெல்லாம் பண்ணையார் லோகநாதனின் மனையில் நின்றவை. மனை அவருடையது என்பதால் அதில் குடியிருப்பவனின் கையும் காலும் அவருடையவை. பூங்காவனம் ஏழு வயதில் அவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குச் சாணி வாரப் போனவள். கல்யாணமாகும் வரை அங்கேதான் கிடந்தாள், இருட்டோடு போய் இருட்டோடு திரும்பி. அவள் உடம்பில் இன்றைக்கும் ஆறாமல் இருக்கிற சில விஷயங்களை எத்திராஜிடம்கூட அவள் சொன்னதில்லை. இப்போது தாட்சாயிணிக்குப் பத்து வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு படித்திருந்தாள். பண்ணை மேஸ்திரி தசரதன் பொங்கல் முடிந்ததிலிருந்து, பெண் நன்றாக வளர்ந்துவிட்டாளே, கொட்டகைக்கு அனுப்பக்கூடாதா என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுவந்தான். சிரித்துக்கொண்டேதான் கேட்பான். அந்தச் சிரிப்பைக் கண்டால் பூங்காவனம் மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொள்வாள்.

எத்திராஜின் அப்பா காலத்தில் சேரியில் பாதிப்பேர் வேதத்தில் சேர்ந்திருந்தார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் பதிவில் இருந்தது, வயலில் பழைய பெயர்தான். ஏரிக்கரைக்குக் கீழே, பண்ணையார் நிலத்தைத் தாண்டிப்போனால், ஓடு போட்ட சின்னக் கோயில். பூந்தமல்லியிலிருந்து ஜட்கா வண்டியில் வந்துபோகும் வெள்ளைக்காரம்மா ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் மிஸ்ஸியம்மா. தலை நரைத்துவிட்டது. பேசும் தமிழ் முழுக்க வேதபுஸ்தகத் தமிழ். தோட்டங்களுக்குப் போன பெண்கள் படும் பாட்டைப் பற்றிக் கோட்டைக்கும் டில்லிக்கும் லண்டனில் இருக்கும் தன் சபைக்கும் அவள் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷமும் பதில் வரவில்லை. இந்த வருஷம் சட்டசபை மெம்பர்கள் இரண்டு பேர், நேரில் வந்து கேட்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் மாசிலாமணி உபதேசியார். ஊரில் ஜெபம் நடத்தவும், எழுதப் படிக்கச் சொல்லித்தரவும் மிஷன் வைத்த ஆள். மணியக்காரரிடம் பேசி எத்திராஜுக்குக் கையெழுத்து வாங்கித் தந்ததும் அவர்தான். களத்து ஓரத்தில் எத்திராஜைத் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். கட்டுச் சுமந்துகொண்டு போகும்போதெல்லாம் பூங்காவனம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எத்திராஜ் தலையைக் குனிந்தபடியே நின்றான்.

அன்று சாயங்காலம் அவள் குடிசை வாசலில் மீனைச் சாம்பலில் புரட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்திராஜ் பக்கத்தில் வந்து குந்தினான். வரலட்சுமியைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்றான்.

வரலட்சுமி அவனுடைய தங்கை. தாயில்லாத பெண். பூங்காவனம்தான் தலைவாரி வளர்த்துக் கல்யாணம் செய்து கொடுத்தாள். அண்ணனோடும் புருஷனோடும் கப்பலேறிப் போனவள் அங்கேயே செத்துப்போனாள். காய்ச்சல் என்று சொல்லித்தான் எத்திராஜ் வந்திருந்தான்.

"ஜொரம்னு சொன்னேனே, அது ஜொரம் இல்ல மே" என்றான்.

பூங்காவனத்தின் கை நின்றது. அவன் மீன் சட்டியைப் பார்த்தபடியே சொன்னான். வரலட்சுமி நிறைமாதம். வேலைக்குப் போக முடியவில்லை, கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள் என்று கிராணியிடம் கேட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் கூலிகளின் குடியிருப்பான லயத்தில் படுக்கக்கூடாது என்று தோட்டத்துக் கணக்கனான அந்தக் கிராணி சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரி வேறு தோட்டத்தில் இருந்தது. நடந்தே போனாள். அங்கே டாக்டர் இல்லை. நடந்தே திரும்பினாள். மறுநாள் விடிவதற்குள் பால்வெட்டுக்குப் போனாள். மரத்தடியிலேயே விழுந்துவிட்டாள். தோட்டத்தின் வேறு பக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த எத்திராஜுக்கு ஆள் வந்து சொல்லி, அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாட்டுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளையும் தங்கவில்லை.

பூங்காவனம் அழவில்லை. சாம்பல் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். தண்ணீர் கேட்டாள் என்றான் எத்திராஜ்.

சோறு ஆக்கி, குழம்பு கொதித்து, தாட்சாயிணி சாப்பிட்டுவிட்டு பக்கத்துக் குடிசைக்கு விளையாடப் போன பிறகு பூங்காவனம் பேச்சை எடுத்தாள்.

"நாம போறதும் அந்த மாரி எடந்தானேயா?"

"வேற தோட்டம். கங்காணி தெரிஞ்சவன். ஆனா கிராணி எல்லாத் தோட்டத்துலயும் கீறான்."

"அந்தப் பொண்ணுக்கு ஞாயம் கேக்கணும். கேளு, நான் வாணாம்னு சொல்லல. நீ பேசிட்டு வந்தப்பறம் டிப்போவையே சாத்திட்டாங்கன்னா நாம இன்னா பண்ணுவோம்?"

"சாத்தறதுக்கு இல்ல மே. அங்க கீற பொம்பளைங்களுக்கு டாக்டர் வெக்கணும், மாசமா கீறவள வேலைக்கு வுடக்கூடாது, அதுக்குத்தான் கேக்கறாங்களாம். உபதேசியார் சொல்றாரு."

"அவரு சொல்றாரு. வந்து ஒக்காரப்போறவங்க சொன்னாங்களா?"

எத்திராஜ் குழம்பில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"எனக்கு அங்க சொர்க்கம் வாணாம்யா" என்றாள் அவள். "அங்க அடிச்சான்னா அவன் கிராணி. இன்னொரு தோட்டத்துக்குப் போலாம். இங்க எங்க போவ? எம்பொண்ணு அந்தக் கொட்டாயில கால வெக்கக்கூடாது. அவ்ளோதான்."

கோயிலில் கூட்டம் நடந்த நாள் வெயில் கொளுத்தியது. பனையோலை விசிறிகளைக்கூட யாரும் ஆட்டத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பீடத்துக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தன. மெம்பர்கள் இரண்டு பேரும் கதர் சட்டை, கழுத்தில் அங்கவஸ்திரம். அவர்களுக்குப் பக்கத்தில் மிஸ்ஸியம்மா. அவளுக்கு அடுத்த நாற்காலியில் பண்ணையார் லோகநாதன்.

அவர் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. வாசலில் அவர் வீட்டு ஆள் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். தசரதன் செம்பில் மோர் கொண்டுவந்து மெம்பர்களுக்கு நீட்டினான். பூங்காவனம் அதைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு புரிந்துபோயிற்று. வருஷா வருஷம் டிப்போ வழியாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தால் நடவுக்கும் அறுப்புக்கும் பண்ணைக்கு ஆள் ஏது? மிஸ்ஸியம்மா வேண்டிக்கொண்டதும் பண்ணையார் விரும்பியதும் ஒரே மனுவில் வந்து நின்றிருந்தது. மிஸ்ஸியம்மாவுக்கு அது தெரியுமா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. ஊர்ப் பெரியவரே நம்மோடு நிற்கிறார் என்ற சந்தோஷம்.

எத்திராஜ் எழுந்து நின்று தங்கை செத்த விதத்தைச் சொன்னான். வீட்டில் சொன்னதைவிடக் கொஞ்சமாகத்தான் சொன்னான். தண்ணீர் கேட்டதை மட்டும் இரண்டு தடவை சொன்னான். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். மெம்பர்களில் மூத்தவர், அப்படியானால் இந்த ஆள் கொண்டுபோவதே நிற்க வேண்டும் என்கிறாயா என்று கேட்டார்.

"நிக்கணும்னு சொல்லல ஐயா" என்றான் எத்திராஜ். "போறவங்களுக்கு அங்க ஒரு..."

அவன் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பண்ணையார் மெதுவாகப் பேசினார். "பாவம், வயித்தெரிச்சல்ல நிக்கிறான். வாய்விட்டுச் சொல்லத் தெரியல. இந்த அநியாயம் நிக்கணும்னுதான் இங்க இருக்கிற எல்லாருக்கும் எண்ணம்."

மெம்பர் எழுதிக்கொண்டார். எத்திராஜ் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்லி மாசிலாமணி கையைக் காட்டினார்.

அடுத்து மிஸ்ஸியம்மா பெண்கள் பக்கம் திரும்பி, "ஸ்திரீகளில் யாராவது பேச விரும்புகிறீர்களா? பயப்படாதிருங்கள்" என்றாள். பூங்காவனத்துக்குச் சொல்ல வேண்டியது தெளிவாகவே இருந்தது. அங்கே நடக்கிற அநியாயத்தை நிறுத்துங்கள், போகிற வழியை அடைக்காதீர்கள். அவ்வளவுதான். தரையில் கையூன்றிப் பாதி எழுந்தாள். பண்ணையார் தலையைத் திருப்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. யார் வீட்டுப் பெண் என்று அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி பார்த்தார். மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று அவர் அப்படித்தான் பார்ப்பார். அவள் சேலையைச் சரிசெய்ய எழுந்தவள் போல முந்தானையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏரிக்கரை ஏறும்போது எத்திராஜ், நான் முழுசாகச் சொல்லவில்லையே என்றான். நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றாள் பூங்காவனம்.

வைகாசியில் அவர்கள் டிப்போவுக்குள் போனார்கள். மண்சட்டிகளை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு, துணி மூட்டையும் ஒரு பித்தளைச் செம்புமாகக் கிளம்பினார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டிய மறுநாளே தசரதன் ஆள்வைத்துக் குடிசையைப் பிரித்துவிட்டான் என்று டிப்போவுக்கு விறகு கொண்டுவந்த சேரிக்காரி அங்கம்மா சொன்னாள். போகிறவர்களுக்குக் குடிசை எதற்கு என்று பூங்காவனம் கேட்டாள். கேட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தகரக் கொட்டகை மத்தியானத்தில் அடுப்பு மாதிரி காந்தியது. எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். தாட்சாயிணிக்குக் கை வீங்கி உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் வந்து பார்க்கும்போதெல்லாம் பூங்காவனம் அவள் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லை ஐயா, வெயில்தான் என்பாள். காய்ச்சல் என்று எழுதிவிட்டால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே, அம்மை குத்தினால் காய்ச்சல் வரத்தான் வரும், பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. பெண்ணின் உடம்பு தணியும் வரைக்கும் நெற்றியிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

உடம்பு தணிந்தது. கப்பல் வரவில்லை. பக்கத்துப் பாயில் வந்தவாசிக்காரன் வேம்புலி, தாயையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஸ்டேஷன் பக்கம் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவந்து தினமும் ஒன்று சொல்வான். அங்கே கூலியைக் குறைத்துவிட்டார்களாம். ரப்பர் விலை விழுந்துவிட்டதாம். இங்கிருந்து ஆள் ஏற்றக்கூடாது என்று டில்லியில் பேச்சு நடக்கிறதாம். பல பேர் பல பக்கத்திலிருந்து எழுதிப்போட்டிருக்கிறார்களாம், அதில் பாதிரிமார் மனுவும் ஒன்றாம். இதைக் கேட்டதும் எத்திராஜ் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டான். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"என்னாலதான் மே" என்றான் அவள் வந்து நின்றபோது.

"ஒன் ஒரு வாயாலயா டில்லி ஆடுது?" என்றாள் பூங்காவனம். "எழுந்து வாய்யா. கப்பல் வரும்." வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆனி பிறந்ததும் உத்தரவு வந்தது. டிப்போ குமாஸ்தா வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டிவைத்து வாசித்தார். கூலி வேலைக்கு ஆள் ஏற்றுவதைச் சர்க்கார் நிறுத்திவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு ஊருக்கு ரயில் டிக்கெட் தரப்படும். யாரும் சத்தம் போடவில்லை. வேம்புலியின் தாய் மட்டும், ஊரில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தோமே என்று கேட்டாள். குமாஸ்தாவும் என்ன செய்வார், காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் வரைக்கும் ரயில்களில் ஏற்றி அனுப்பினார்கள். எத்திராஜ் குடும்பத்துக்கு டிக்கெட் தேவைப்படவில்லை. கேட்டில் நின்று பார்த்தாலே அவர்கள் ஊர்ப் பனைமரங்கள் தெரியும். மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஏரிப்பக்கமிருந்து கோயில் மணி கேட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. மணி நிற்காமல் அடித்தது. இது எதற்கு என்று தாட்சாயிணி கேட்டாள். உத்தரவு வந்ததற்கு ஸ்தோத்திர ஆராதனையாயிருக்கும் என்றான் எத்திராஜ்.

கேட்டுக்கு வெளியே தசரதன் கட்டைவண்டியோடு நின்றிருந்தான். பண்ணையார் மனசு பெரிசு, போனதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை என்றான். பழைய மனையிலேயே குடிசை போட்டுக்கொள்ளலாம், கம்பும் ஓலையும் அப்படியே இருக்கின்றன, இன்றைக்கே கட்ட ஆரம்பிக்கலாம் என்றான். அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னான்.

"பொண்ண மட்டும் நாளைக்கு விடிய கொட்டாய்க்கு அனுப்சிடு பூங்காவனம். வெயிலா கீது, வண்டில ஏறுங்க."

எத்திராஜ் அவளைப் பார்த்தான். அவள் வண்டியைப் பார்த்தாள், தசரதனைப் பார்த்தாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மகளின் அம்மை குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு, சேரிக்குத் திரும்பும் பாதையில் போகாமல் ஏரிக்கரைப் பாதையில் இறங்கினாள். எத்திராஜ் அவள் பின்னால் போனான். தசரதன் கூப்பிட்ட குரல் கொஞ்ச தூரம் வரை கேட்டது.

கோயிலில் ஆராதனை முடிந்து, வேப்பமரத்து நிழலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையோடு வந்த மூவரையும் கண்டதும் மிஸ்ஸியம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "கர்த்தர் நம்முடைய ஜெபத்தைக் கேட்டார். உங்கள் சகோதரியின் மரணம் வீணாய்ப் போகவில்லை" என்றாள். எத்திராஜ் கையைக் கொடுக்கவில்லை. பூங்காவனம் மூட்டையைக் கோயில் வாசற்படியில் இறக்கிவைத்தாள்.

"அம்மா, நாங்க கப்பலேறப் போனவங்க" என்றாள். "நீங்க கேட்டது கெடச்சிடுச்சி. எங்களுக்கு ஊடு இல்ல. எம்பொண்ண நாளைக்கி மாட்டுக்கொட்டாய்க்குக் கேக்கறாங்க. வந்து ஒக்காந்தாரே பண்ணையாரு, அவருதான் கேக்கறாரு. நான் அந்தக் கொட்டாயில வளந்தவ. அங்க இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். அவள அனுப்ப மாட்டேன். அதான் இங்க வந்துட்டோம்."

மிஸ்ஸியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் பொங்கல் இலையைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, பண்ணையார் எதற்காக மனுவில் கையெழுத்துப் போட்டார் என்பதை இங்கிலீஷில் சொன்னார். பாதிவரை போனபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. இது உமக்கு முன்பே தெரியுமா என்று தமிழிலேயே கேட்டாள். தெரியும் என்றார் மாசிலாமணி. "பெரியவங்க கையெழுத்து இருந்தா மனுவுக்கு மதிப்புன்னு நினைச்சேன் அம்மா. அங்க சாகிறது நிக்குதேன்னு நினைச்சேன்."

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தசரதன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கோயிலுக்குள் வராமல் வெளியே நின்று, ஆளை அனுப்பச் சொல்லி மாசிலாமணியிடம் கேட்டான். மிஸ்ஸியம்மா அவரை முந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இவர்கள் இங்கேயே இருப்பார்கள். போய்ச் சொல்லும்" என்றாள்.

அன்று ராத்திரி கோயில் பாயிலேயே அவர்கள் படுத்தார்கள். பூங்காவனம் மூட்டையை அவிழ்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் லேசாக நடந்துவிடவில்லை. மறுநாளே பண்ணையார் கோயிலுக்குப் போகிற வழியில் முள்வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். சபை ஜனங்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. இரண்டு மூன்று குடும்பங்களுக்கு வேலை இல்லை என்று களத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வந்து பூங்காவனத்தின் முகத்துக்கு நேராகவே, உன் ஒருத்தி பெண்ணுக்காக எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அவள் மிஷனில் கொடுத்த அரிசியில் அவர்களுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள். சிலர் குடித்தார்கள், சிலர் குடிக்கவில்லை. அங்கம்மா தினமும் ஏரியைச் சுற்றி வந்து கேழ்வரகோ கீரையோ வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அடுப்பும் சட்டியும் ஒரு மூலையில் இருக்க, நடுவில் ஆராதனை நடந்தது.

பூந்தமல்லியில் இருந்த பெரிய பாதிரியார் மிஸ்ஸியம்மாவைக் கூப்பிட்டு, கோயில் என்ன சத்திரமா, ஊர்ப் பெரியவர்களோடு எதற்குப் பகை என்று கண்டித்தார் என்று கேள்வி. அவள் என்ன பதில் சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது. ஆவணி மழை இறங்கும் சமயம், பூந்தமல்லிக்குப் பக்கத்து நூம்பலில் மிஷனுக்கு இருந்த பனந்தோப்பில் ஒரு மூலையை அளந்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். வேலை இழந்த குடும்பங்களில் ஒன்று அவர்களோடு வந்தது. மற்றவை பண்ணைக்கே திரும்பிவிட்டன. எத்திராஜ் பக்கத்துச் செங்கல் சூளைக்குப் போனான். பூங்காவனம் மண் மிதித்தாள். மழைக்காலத்தில் சூளை வேலை இல்லாமல் கூழுக்கும் முடை வந்தது. தாட்சாயிணி மட்டும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

மலேயாவில் தங்கிவிட்ட வரலட்சுமியின் புருஷனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சில ராத்திரிகளில் எத்திராஜ் எழுந்து உட்கார்ந்துகொள்வான். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பான். பூங்காவனத்துக்கும் தெரியாது. தெரியாது என்றே சொல்வாள்.

தை பிறந்து சூளையில் மறுபடி வேலை ஆரம்பித்திருந்தது. பூங்காவனம் தொடைவரை சேறாக மண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோது மிஸ்ஸியம்மாவின் ஜட்கா வந்து நின்றது. அந்த ஆறேழு மாதத்தில் மிஸ்ஸியம்மா ரொம்பவும் தளர்ந்திருந்தாள். குழியின் ஓரமாக, வெயிலிலேயே நின்றாள். புதிதாக ஒரு மனு எழுதுகிறேன் என்றாள். பண்ணை மனைகளில் குடியிருப்பவர்களைப் பற்றி, கொட்டகைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி. அதே மெம்பர்கள் பட்டணத்தில் வைத்துக் கேட்கச் சம்மதித்திருக்கிறார்கள். பூங்காவனம் வந்து பேச வேண்டும்.

பூங்காவனம் மிதிப்பதை நிறுத்தவில்லை. போன தடவை எழுதிய மனுவில் தன் நாத்தனார் பெயர் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றாள் மிஸ்ஸியம்மா. இந்தத் தடவை யார் யார் நாற்காலியில் உட்காருவார்கள் என்று கேட்டாள்.

"பயப்படாதே. லோகநாதன் வரமாட்டார். அவருக்கு அழைப்பு அனுப்பவில்லை. நீ தைரியமாய்ப் பேசலாம்."

பூங்காவனம் குழியிலிருந்து கரையேறினாள். காலில் ஒட்டிய சேற்றை ஒரு ஓட்டாஞ்சில்லால் வழித்துப் போட்டாள்.

"அவரையும் கூப்பிடுங்க அம்மா" என்றாள் பூங்காவனம். "அவரு எதிர்ல ஒக்காந்து கேக்கட்டும். அப்பதான் நான் வருவேன்."